வெளிநாட்டு மாப்பிள்ளையும் சீதனக் காணியும்: உறுதி எழுத முன்னர் தெரிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசும்போது காணியும் சேர்ந்தே பேசப்படுகிறது. "வீடும் இரண்டு பரப்புக் காணியும் பிள்ளையின்ரை பேரில எழுதுறம்" என்று பெண் வீட்டார் சொல்வார்கள். "இரண்டு பேரின்ரை பேரிலயும் எழுதுங்கோவன்" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். மாப்பிள்ளை சாவகச்சேரியிலோ வவுனியாவிலோ வேலை பார்ப்பவர் என்றால் இதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. அவர் ரொறன்ரோவில் வளர்ந்து கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால் அந்த இரண்டாவது பெயர் காணி உறுதிப் பத்திரத்தில் இருந்தும் பயனில்லை. அந்தப் பாதி சட்டப்படி அவருக்குப் போய்ச் சேராது.

வெளிநாட்டவரைக் கட்டுவது என்றதும் வெள்ளைக்கார மருமகனையோ மருமகளையோ நினைப்பவர்கள் உண்டு. அப்படியான கலியாணங்களும் இங்கே நடக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்துக் காணி விஷயத்தில் வெளிநாட்டவர் என்ற இடத்தில் அதிகம் வந்து நிற்பவர்கள் எங்கள் சொந்தக்காரர்தான். 1983க்குப் பிறகு போய் அங்கே பிரசாவுரிமை எடுத்தவர்கள், அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகள், திருச்சியில் இருந்து கலியாணம் கட்டி வந்த மருமகள் எல்லாரும் அதற்குள் அடக்கம். பேசும் மொழியோ கும்பிடும் கோயிலோ இதில் கணக்கில்லை. கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதுதான் கேள்வி.

இதில் இரண்டு சட்டங்கள் குறுக்கிடுகின்றன. காணி யாருக்குக் கைமாறலாம் என்று பார்க்கும் நாட்டுச் சட்டம் ஒன்று. கலியாணத்துக்குப் பிறகு எந்தச் சொத்து யாருடையது, இறந்தால் யாருக்குப் போகும் என்று சொல்லும் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், மற்றது. கலியாணம் பேசும் வீடுகளில் இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பவர்களைக் காண்பது அரிது. அதனால் வரும் இழப்புகள் இருபது, முப்பது வருடம் கழித்து, பெரும்பாலும் ஒரு மரணவீட்டுக்குப் பிறகு வெளியே வருகின்றன. அப்போது திருத்துவதற்கு நேரம் கடந்திருக்கும்.

2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது

வெளிநாட்டவருக்குக் காணி போவதை இலங்கை அரசு நெடுநாளாகவே விரும்பியதில்லை. 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் நேரடியாகத் தடை போடாமல், பிரசையல்லாதவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமான தொகையை, அதாவது நூற்றுக்கு நூறு வீதத்தை, வரியாகக் கட்டச் சொன்னது. 2002இல் அந்த வரி எடுக்கப்பட்டு 2004இல் திரும்பவும் வந்தது. அதன் பிறகு வந்ததுதான் காணி பராதீனப்படுத்தலை மட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம். அது 2013 ஜனவரி 1இலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது.

இந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் ஒருவருக்கும், வெளிநாட்டுக் கம்பனிக்கும், பாதிப் பங்கோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் உள்ள உள்ளூர்க் கம்பனிக்கும் காணியின் உரித்தை மாற்ற முடியாது. மாற்றி உறுதி எழுதினாலும் அது வெற்றானது. எழுதிய நாளில் இருந்தே செல்லாது. பிறகு வரி கட்டியோ தண்டம் கட்டியோ அதைச் சரிப்படுத்த முடியாது.

விதிவிலக்குகள் சில உண்டு. தூதரகங்கள், அமைச்சரவை அங்கீகாரத்தோடு வரும் முதலீடுகள், வெளிநாட்டில் இருந்து முழுப் பணமும் அனுப்பி வாங்கும் அடுக்குமாடி வீடுகள் போன்றவை எங்கள் கதைக்கு அவ்வளவு தேவையில்லை. எங்களுக்கு முக்கியமானவை இரண்டு. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. அதேபோல, காணிச் சொந்தக்காரரின் மிக நெருங்கிய உறவினர் வெளிநாட்டவராக இருந்தாலும், நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ, சாசனம் இல்லாத இடத்தில் வழியுரிமையாலோ அவருக்குக் காணி போகலாம்.

இப்போது அந்தச் சீதன உறுதிக்குத் திரும்பி வருவோம். மகள் லண்டனில் பிரித்தானியப் பிரசையாகிவிட்டாலும் தகப்பன் அவளுக்குக் காணியை நன்கொடையாக எழுதலாம், ஏனென்றால் அவள் பிள்ளை. மருமகன் அப்படி இல்லை. அவர் மாமன் மாமிக்கு வழியுரிமைக்காரர் அல்ல. மகளுக்கும் மருமகனுக்கும் சேர்த்து எழுதும் பழக்கம் இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சீதனம் கலியாணத்தை முன்னிட்டுக் கொடுக்கப்படுவது. ஆகவே அதைச் சாதாரண நன்கொடையாகக் கொள்ள முடியாது, கலியாணமே அதற்குப் பிரதிபலன் என்ற வாதம் சட்டத்துறையில் பழையது. மகள் வெளிநாட்டுப் பிரசையாக இருக்கும்போது எழுதும் உறுதியில் எந்த வாசகம் போடுவது என்பதை உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசுவோடு இருந்து ஆறுதலாகப் பேச வேண்டும். பழைய சீதன உறுதி ஒன்றைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவிப்பது ஆபத்து.

கலியாணம் கட்டினால் காணி வாங்கும் உரிமை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையும் எங்கும் பரவலாக இருக்கிறது. வராது. இலங்கைப் பிரசை ஒருவரைக் கட்டிய வெளிநாட்டவர் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும், வதிவிட விசா வைத்திருந்தாலும், காணி விற்பனையில் அவர் வெளிநாட்டவர்தான். இலங்கைப் பிரசையின் கணவனோ மனைவியோ இங்கே வசித்தால் பதிவுப் பிரசையாவதற்கு விண்ணப்பிக்க 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இடம் தருகிறது. கொடுப்பதும் விடுவதும் அமைச்சரின் தற்றுணிபு.

அடையாள அட்டை இருந்தால் போதுமா?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். இன்னொரு நாட்டின் பிரசாவுரிமையைத் தானாக விரும்பி எடுத்த நாளிலேயே இலங்கைப் பிரசாவுரிமை போய்விடுகிறது. அதற்குக் கடிதம் வராது, யாரும் வந்து அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். அட்டை அலுமாரிக்குள் அப்படியே கிடக்கும். ஊருக்கு வரும்போது அந்த இலக்கத்தைக் கொடுத்து, "நான் இங்கத்தைய ஆள்தானே" என்று காணி வாங்கி உறுதி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகியும் இருக்கலாம். ஆனால் பதிவு என்பது உறுதிக்கு முந்துரிமை தரும், செல்லாத உறுதியைச் செல்லுபடியாக்காது. பின்னொரு நாளில் பங்காளி ஒருவரோ அயல்காணிக்காரரோ வழக்குப் போட்டால், உறுதி எழுதிய திகதியில் வாங்கியவர் எந்த நாட்டுப் பிரசை என்ற கேள்வி வரும். அதற்கான பதில் ஒரு வெளிநாட்டு அரசின் பதிவேட்டில் திகதியோடு இருக்கிறது.

நிரந்தர வதிவிடம் வேறு, பிரசாவுரிமை வேறு என்பதையும் பிரித்து விளங்க வேண்டும். கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய் நிரந்தர வதிவிட அட்டை எடுத்த பெண், அந்நாட்டுப் பிரசையாகச் சத்தியம் செய்யும் நாள் வரை இலங்கைப் பிரசைதான். அதுவரை அவள் இங்கே காணி வாங்கலாம், அவள் பெயரில் யாரும் எழுதலாம். சத்தியம் செய்த பிறகு புதிதாக வாங்க முடியாது. ஆனால் ஏற்கெனவே அவள் பெயரில் உள்ள காணிக்கு எதுவும் ஆகாது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் கைமாற்றத்தைத் தடுக்கிறதே தவிர, இருக்கும் சொத்தைப் பறிக்கவில்லை. "பாஸ்போட் மாறினால் காணி அரசாங்கத்துக்குப் போயிடும்" என்று சொல்லிப் பயம் காட்டி, வெளிநாட்டில் இருக்கும் சகோதரியின் பங்கைத் தன் பெயருக்கு எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இழந்த பிரசாவுரிமையைத் திரும்ப எடுக்கவோ, இழக்க முன்னரே தக்கவைக்கவோ வழி தருவது இரட்டைப் பிரசாவுரிமை. 1987இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2011இல் நிறுத்தப்பட்டு, 2015இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட அந்த வருடங்களில் காணிச் சட்டமும் வந்துவிட்டதால் பலருடைய திட்டங்கள் அப்படியே நின்றுபோயின. அதோடு மற்ற நாடும் இதற்குச் சம்மதிக்க வேண்டும். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா போன்றவை அனுமதிக்கின்றன. டென்மார்க் 2015 செப்டெம்பரில்தான் அனுமதித்தது. நோர்வே 2020 ஜனவரி 1 வரை பொறுத்திருந்தது. ஜேர்மனி 2024 ஜூன் 27இல்தான் கதவைத் திறந்தது. ஒஸ்லோவிலும் பேர்லினிலும் முப்பது வருடம் வாழ்ந்த எங்கள் ஆட்கள், ஊரில் ஒரு பரப்புக் காணி வாங்க வேண்டுமென்றால் அந்த நாட்டுப் பிரசாவுரிமையை விட வேண்டிய நிலையில் இருந்தார்கள். இப்போது அது மாறியிருக்கிறது. இந்தியா இன்றும் இரட்டைப் பிரசாவுரிமையை ஏற்பதில்லை. ஆகவே தமிழ்நாட்டு மருமகள் இந்தியப் பிரசையாக இருக்கும்வரை இந்த வழி அவளுக்கு இல்லை.

தேசவழமை யாரைப் பிடிக்கும், யாரை விடும்

இனித்தான் விஷயம் சிக்கலாகிறது. தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து, பன்னிரண்டு முதலியார்களால் பார்வையிடப்பட்ட வழமைத் தொகுப்பு. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். இன்று அது பெரும்பாலும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துக்கு ஊடாகத்தான் வேலை செய்கிறது. 1947இல் அதில் பெரிய திருத்தம் வந்தது.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்றும் எங்கள் வீட்டுப் பேச்சில் இன்றும் உள்ளவை. தாய் தகப்பன் வழி வந்தது முதுசம். கலியாணத்தின்போது பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு இருவரில் ஒருவர் உழைத்து விலைகொடுத்து வாங்கியதும், அவரவர் தனிச்சொத்தில் இருந்து வந்த வருமானமும் தேடியதேட்டம். சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய தேடியதேட்டத்தில் பாதி உயிரோடு இருக்கும் துணைக்கும், மற்றப் பாதி பிள்ளைகள் முதலிய வழியுரிமைக்காரருக்கும் போகும். முதுசம் துணைக்குப் போகாது. பிள்ளைகளுக்குப் போகும், பிள்ளைகள் இல்லாவிட்டால் இறந்தவரின் பெற்றோர், சகோதரர் பக்கம் திரும்பும்.

தேசவழமை யாருக்குப் பொருந்தும்? யாழ்ப்பாண மாகாணத்தை, இன்றைய வட மாகாணத்தை, நிரந்தர வாழிடமாகக் கொண்ட தமிழருக்கு. கொழும்பில் உத்தியோகம் பார்த்ததால் மட்டும் ஒருவர் அதில் இருந்து விலகிவிடுவதில்லை. மனதில் ஊர்தான் வீடு என்றிருக்கிறதா என்று நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. அப்படியானால் 1990இல் கோப்பாயில் இருந்து போய் பாரிஸில் வீடு வாங்கி, பிரெஞ்சுப் பிரசையாகி, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தவர்? ரொறன்ரோவில் பிறந்து ஊரை இரண்டு தடவை மட்டும் பார்த்தவர்? முதலாமவருக்கு இரண்டு பக்கமும் வாதிடலாம். இரண்டாமவருக்குத் தேசவழமை பொருந்தும் என்று வாதிடுவது கடினம்.

கலியாணம் என்று வரும்போது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு ஒரு தெளிவான கோட்டைப் போடுகிறது. தேசவழமைக்கு உட்பட்ட பெண், உட்படாத ஆணைக் கட்டினால், அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை தேசவழமை அவளை ஆளாது. தேசவழமைக்கு உட்படாத பெண், உட்பட்ட ஆணைக் கட்டினால், மணவாழ்வு நீடிக்கும்வரை அவளைத் தேசவழமை ஆளும். பெண்ணின் சட்டம் கணவனோடு போகிறது. நூறு வருடத்துக்கு மேலாகியும் இது மாறவில்லை.

இதனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடுவிலில் ஒரு பெண், பக்கத்து ஊர் ஆணைக் கட்டுகிறாள். அவளுடைய சீதனக் காணி அவளுடைய தனிச்சொத்து, கணவனின் கடனுக்கு அதைத் தொட முடியாது. ஆனால் அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சாசனம் எழுதுவதற்கு மட்டும் சம்மதம் தேவையில்லை. அவளுடைய தங்கை ஒரு ஜேர்மன்காரரைக் கட்டுகிறாள். தங்கை தேசவழமையை விட்டு வெளியே வந்து, 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டத்துக்குள் போகிறாள். அவள் தன் காணியை விற்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே நாளில் ஒரே அளவு காணியைச் சீதனமாகப் பெற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி முழு உரிமைக்காரி, மற்றவள் கணவனின் கையெழுத்துக்குக் காத்திருப்பவள். இந்தச் சம்மத விதி எடுக்கப்பட வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் பல காலமாகக் கேட்டு வருகின்றன. நானும் அதையே சொல்கிறேன்.

அக்காவின் கணவன் வெளிநாடு போய்விட்டால் இந்தச் சம்மதம் இன்னும் கனக்கிறது. அவர் அங்கிருந்து தூதரகத்துக்கு ஊடாக அற்றோர்ணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், அனுப்ப வேண்டும். அனுப்பாமல் இழுத்தடிக்கும் கணவன்மாரும், அங்கே வேறு குடும்பமாகிவிட்ட கணவன்மாரும் இருக்கிறார்கள். இந்த நிலையில் உள்ள பெண்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். கணவன் கைவிட்டுப் போனால், பிரிந்து வாழ்ந்தால், எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், அல்லது நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி எடுக்கலாம். அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. விற்க முடியாதென்று காணியை வருடக்கணக்கில் பற்றைக்காடாக விட்டவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

சரி, கணவன் வெளிநாட்டுப் பிரசை, ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தேசவழமை அவருக்குப் பொருந்துமா இல்லையா என்பதே சந்தேகம் என்றால்? அந்த இடத்தில் வாதாடிக்கொண்டிருப்பதைவிட அவருடைய சம்மதக் கையெழுத்தை வாங்கி வைப்பதே நல்லது. தேவையில்லாத கையெழுத்து உறுதியைக் கெடுக்காது. தேவையான கையெழுத்து இல்லாவிட்டால் வாங்குகிறவரின் உரித்தே ஆட்டம் காணும்.

இறப்புக்குப் பிறகு

ஜேர்மன்காரரைக் கட்டிய அந்தத் தங்கை சாசனம் எழுதாமல் இறந்தால், பொதுச் சட்டமான 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பேசும் என்பதே வழமையான வாசிப்பு. அதன்படி உயிரோடு இருக்கும் துணைக்குச் சொத்தில் பாதி. அது சீதனக் காணியையும் சேர்த்துத்தான். தாய் வழியாக வந்த காணி குடும்பத்துக்குள்ளேயே நிற்கும் என்று எண்ணியிருந்த பெற்றோருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். தேசவழமைக்குள் இருக்கும் அக்காவின் சீதனத்தில் கணவனுக்கு இப்படிப் பாதி போகாது. தங்கைக்குக் கிடைத்த சுதந்திரத்தோடு இதுவும் சேர்ந்தே வருகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாழ்ந்த துணைக்குப் பாதி போவது நியாயமானதே. ஆனால் தெரியாமல் நடப்பது ஒன்று, தெரிந்து விரும்பி நடப்பது இன்னொன்று. ஒரு மரணசாசனம் எழுதினால் அவள் விருப்பப்படியே எதையும் செய்யலாம்.

எதிர்ப்பக்கம் இன்னும் கவலைக்குரியது. கோப்பாயில் ஒரு ஆண், திருச்சிப் பெண்ணைக் கட்டி இங்கே கூட்டி வருகிறார். யுத்த காலத்தில் இந்தியாவில் அகதியாக இருந்த குடும்பங்களில் இப்படியான கலியாணங்கள் நிறைய. 3ஆம் பிரிவின்படி அவளைத் தேசவழமை ஆளுகிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அவள் வெளிநாட்டவள், விலைக்குக் காணி வாங்க முடியாது. அவர்கள் வாழும் வீடு கணவனின் முதுசக் காணியில் நிற்கிறது. பிள்ளைகள் இல்லாமல் கணவன் சாசனமும் எழுதாமல் இறந்தால், அந்த முதுசம் அவருடைய பெற்றோர், சகோதரர் பக்கம் போய்விடும். இருபது வருடம் அந்த வீட்டில் விளக்கேற்றிய பெண்ணுக்கு அந்த நிலத்தில் உரித்து இல்லை. தேடியதேட்டம் ஏதும் இருந்தால் அதில் பாதி மட்டும். தேசவழமையின் கட்டுப்பாடு, வெளிநாட்டவர் மீதான தடை என்ற இரண்டு பாரமும் ஒரே பெண்ணின் தலையில் ஏறுகின்றன. இங்கே கணவன் செய்ய வேண்டியது ஒரு நொத்தாரிசுவிடம் போய் மனைவி பெயரில் மரணசாசனம் எழுதுவது. தேசவழமைக்கு உட்பட்டவருக்கும் தன் சொத்தைச் சாசனத்தால் கொடுக்க முழு உரிமை உண்டு. அரைநாள் வேலைதான், ஆனால் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று தள்ளிப்போடுகிறோம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் 2003இல் வந்தது. அதற்கு முன்னர் பிரசாவுரிமை தகப்பன் வழியாகத்தான் இறங்கியது. வெளிநாட்டவரைக் கட்டிய இலங்கைப் பெண்ணின் பிள்ளை இலங்கைப் பிரசை அல்ல என்ற நிலை. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் தாய் வழியையும் ஏற்றுக்கொண்டது. பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிவது சுலபம். பிறக்கும்போது தாயோ தகப்பனோ இன்னும் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். இதைச் செய்துவைத்தால் பின்னர் அந்தப் பிள்ளைக்குக் காணி வாங்குவதில் தடை இராது.

சகோதரன் பெயரில் வாங்குவது

தடை இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் போகும் குறுக்கு வழி இது. காசு லண்டனில் இருந்து வரும், உறுதி ஊரில் உள்ள தம்பியின் பெயரில் முடியும். "தம்பிதானே" என்ற நம்பிக்கை. தம்பி நல்லவராகவே இருக்கட்டும். சட்டம் என்ன செய்யும் என்று பாருங்கள். தம்பி கலியாணம் கட்டியவர், தேசவழமைக்கு உட்பட்டவர். மணவாழ்வுக் காலத்தில் அவர் பெயரில் விலைகொடுத்து வாங்கிய காணி, வெளிப்பார்வைக்கு அவருடைய தேடியதேட்டம். அவர் திடீரென்று இறந்தால் பாதி அவர் மனைவிக்கும் பாதி அவர் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் யாரும் லண்டன் பெரியப்பாவுக்கு எந்த வாக்கும் கொடுத்தவர்கள் அல்ல. பணத்தை அனுப்பியவர், தம்பி தனக்காகவே அதை நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டால், சட்டம் தனக்கு மறுத்த ஒன்றை வேறொருவர் பெயரில் எடுத்ததாகத் தானே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்த உடன்படிக்கையும் கைகொடுக்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி பற்றிய உடன்பாடு நொத்தாரிசுவுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

நேர்மையான வழிகள் இருக்கும்போது இந்தப் பாதை தேவையில்லை. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்துத் தன் பெயரிலேயே வாங்கலாம். கணவனோ மனைவியோ ஒருவர் இலங்கைப் பிரசையாக இருந்தால் அவர் பெயரில் வாங்கி, உடனேயே சாசனமும் எழுதலாம். வெளிநாட்டவருக்குக் காணியை 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கச் சட்டம் தடை சொல்லவில்லை. முதலில் அதற்கு 15 வீத வரி இருந்தது, பின்னர் அது நீக்கப்பட்டது. மனைவியின் காணியில் தன் காசில் வீடு கட்டும் வெளிநாட்டுக் கணவனுக்கு, நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிந்த நீண்டகாலக் குத்தகை ஒரு நல்ல பாதுகாப்பு.

பிரியாத பங்குகள்

வெளிநாட்டுப் பிரசையான வாரிசுகளால் வரும் இன்னொரு முடிச்சு, முன்வாங்கும் உரிமை, அதாவது வெளியாருக்கு முன்னர் தான் வாங்கிக்கொள்ளும் உரிமை. தேசவழமையில் பங்குக்காணியை வெளியாருக்கு விற்க முன்னர் உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த உரித்தைக் கூட்டுச்சொந்தக்காரருக்கும் விற்பவரின் வழியுரிமைக்காரருக்கும் மட்டுப்படுத்தியது. நிலம் குடும்பத்தை விட்டுப் போகாமல் பார்ப்பதே அதன் நோக்கம். இப்போது ஐந்து சகோதரர்களில் மூன்று பேர் கனடாப் பிரசைகள் என்று வையுங்கள். ஊரில் உள்ளவர் தன் பங்கை விற்கிறார். மூன்று பேருக்கும் அறிவித்தல் போக வேண்டும், ஏனென்றால் அவர்கள் கூட்டுச்சொந்தக்காரர்தான். ஆனால் இரட்டைப் பிரசாவுரிமை இல்லாவிட்டால் அவர்கள் அந்தப் பங்கை விலைக்கு வாங்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. கையில் உரிமை இருக்கிறது, பயன்படுத்தும் வழி மூடியிருக்கிறது. தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே காணியைப் பிரித்து, தனித்தனி உறுதியாக, நில அளவை வரைபடத்தோடு எழுதிவிடுவது இப்படியான குடும்பங்களுக்கு மிகவும் அவசியம்.

அரசு ஒப்பம், அதாவது அரச காணிக்கான பத்திரம், கொடுத்த காணிகள் தனிக்கதை. தீவுப்பகுதியிலும் வடமராட்சி கிழக்கிலும் உள்ளவர்கள் தங்கள் காணி தனியார் உறுதிக் காணியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான ஒப்பக் காணியா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒப்பக் காணியைப் பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் சீதனமாக எழுதவே முடியாது.

கலியாணப் பதிவிலும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வெளிநாட்டவரைக் கட்டும் இலங்கையர் பாதுகாப்பு அமைச்சின் தடையில்லா அறிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 ஒக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வந்து, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. பெரிய எதிர்ப்பும் எழுந்தது. ஆகவே நாள் குறிக்க முன்னரே மாவட்டப் பதிவாளரிடம் நேரில் கேட்டு, அன்றைய நிலையில் எந்தெந்தப் பத்திரம் வேண்டும் என்று உறுதிப்படுத்துங்கள். ஐயர் குறித்த முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை விமானம் ஏறி வந்த பிறகு பத்திரம் தேடி ஓடுவது எல்லாருக்கும் கஷ்டம்.

சாதகம் பொருந்திய அடுத்த நாளே பெண் வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மாப்பிள்ளையிடம் இருப்பது வதிவிடமா பிரசாவுரிமையா, பிரசாவுரிமை என்றால் எந்தத் திகதியில் எடுத்தார், இரட்டைப் பிரசாவுரிமைச் சான்றிதழ் இருக்கிறதா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சம்பளத்தையும் வீட்டையும் கேட்கிறோம், இதையும் கேட்கலாம். பதில் எதுவானாலும் சீதன உறுதியை மகள் பெயரில் மட்டும், அவள் இலங்கைப் பிரசையாக இருக்கும்போதே எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து, பதிவின் பிரதி ஒன்றை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.